மன்னார்புரத்திலிருந்து மன்னார் வளைகுடா வரை



எங்கள் வீடு மன்னார்புரத்தில் இருக்கிறது. நான்கு திசைகளுக்கும் பேருந்துகள் பிரிந்து செல்லும் அந்த நாற்சந்தியில் இரவும் பகலும் இரைச்சல்தான். ஆறாம் வகுப்பில் 'மன்னார் வளைகுடா' என்று புத்தகத்தில் படித்தபோது, அது எங்கள் மன்னார்புரத்திற்குப் பக்கத்தில்தான் எங்கோ இருக்க வேண்டும் என்று நான் எண்ணிக்கொண்டேன். எண்ணியதோடு நிற்காமல் வகுப்பில் எழுந்து சொல்லியும் விட்டேன். தோழியர் சிரித்த சிரிப்பு இன்றும் என் காதில் ஒலிக்கிறது. "கடலே இல்லாத திருச்சிக்கும் அந்த வளைகுடாவுக்கும் என்னம்மா தொடர்பு?" என்று ஆசிரியை கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

தொடர்பு உண்டு என்பதை 2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில்தான் தெரிந்துகொண்டேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இதில் நான் பெருமைப்படக்கூடிய செய்தியும் உண்டு. வெட்கப்பட வேண்டிய செய்தியும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பின் கடைசி நாளன்று, அடுத்த ஆண்டு நடக்கவிருக்கும் அறிவியல் கண்காட்சிக்கு யார் யார் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை கேட்டார்கள். ஒருத்தி எரிமலை மாதிரி என்றாள். ஒருத்தி மழைநீர் சேகரிப்பு என்றாள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? "என் அம்மாவின் ஊர் பாம்பன் பக்கம், மிஸ்! நான் கடலிலிருந்து உண்மையான பவளப்பாறையே கொண்டு வருகிறேன்" என்று வீராப்பாகச் சொன்னேன். ஆசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

ஏப்ரல் மாத இறுதியில் அம்மாவும் நானும் தம்பியும் இராமேசுவரம் செல்லும் ரயிலில் ஏறினோம். புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று ஊர்கள் பின்னால் ஓடின. மண்டபம் தாண்டியதும் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் சன்னலருகே வந்துவிட்டார்கள். 1914-ஆம் ஆண்டு முதல் உழைத்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. அதன் அருகிலேயே கட்டிய புதிய பாலத்தை 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறந்தார்கள். கப்பல் வரும்போது 72 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள அதன் நடுப்பகுதி அப்படியே மின்தூக்கி போல நேராக மேலே எழும்புமாம். இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. இடப்பக்கத் தண்ணீர் ஒரு நிறம், வலப்பக்கத் தண்ணீர் வேறொரு நிறம். தம்பி எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு சன்னல்களுக்கும் மாறி மாறி ஓடினான்.

தாத்தாவின் ஊர் பாம்பனுக்குத் தெற்கே வளைகுடாப் பக்கம் உள்ள ஒரு சிறிய கரையூர். தாத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. 1964 டிசம்பரில் புயல் அடித்துத் தனுஷ்கோடி அழிந்தபோது அவர் பதினொரு வயதுச் சிறுவன். ஊரில் ஏறக்குறைய எல்லோரும் இயந்திரப் படகுக்கு மாறிவிட்டார்கள். தாத்தா மட்டும் தம்முடைய பழைய வத்தையை விடவில்லை. வத்தை என்பது பலகைகளை இணைத்துக் கட்டிய சிறிய பாய்மரப் படகு. "எண்ணெய்க்குக் காசு கேக்காது. சத்தம் போட்டு மீனை வெரட்டாது. எனக்கு இது போதும் தாயி" என்பார்.

நாங்கள் போன சமயம் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பெரிய படகுகள் எல்லாம் கரையோரம் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. நாட்டுப் படகுகளுக்கு மட்டும் தடையில்லை. "வா, தீவுகளைச் சுத்திக் காட்டுறேன்" என்று தாத்தா அழைத்ததும் எனக்குத் தூக்கமே வரவில்லை.

தூக்கம் வராத அந்த இரவில்தான் தாத்தா வீட்டுச் சுவரை நன்றாகப் பார்த்தேன். திண்ணையின் ஓரத்தில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து கல் வெளியே தெரிந்தது. நம் மலைக்கோட்டைப் பாறை போன்ற கல் அல்ல அது. கல் முழுதும் சிறு சிறு பூக்கள்! யாரோ பொறுமையாக உட்கார்ந்து உளியால் செதுக்கினாற்போல ஆயிரம் நட்சத்திரப் பூக்கள். "இது என்ன கல் தாத்தா?" என்று கேட்டேன். தாத்தா பதில் சொல்லவில்லை. "காலையில எழும்பணும், படு" என்று மட்டும் சொன்னார்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கரைக்குப் போனோம். தாத்தா தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சிலுவை அடையாளம் வரைந்தார். பிறகு பாயை ஏற்றினார். படகு மெல்ல நகர்ந்தது. அந்த நேரத்தில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. காரணம் நாம் எட்டாம் வகுப்பில் படித்ததுதான். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். கடல் மெல்லத்தான் குளிரும். ஆகவே விடியுமுன் நிலக்காற்று கடலுக்குப் போகிறது. பகலில் நிலம் சூடேறியபின் கடற்காற்று கரைக்கு வருகிறது. நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அந்தப் பாடத்தை வைத்துத்தான் தாத்தா அறுபது ஆண்டுகளாகப் பிழைத்து வருகிறார்! காற்றுகளுக்கு அவரிடம் தனித்தனிப் பெயர்கள் உண்டு. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் சோழகம், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கச்சான். கடலின் ஓட்டத்திற்கு நீவாடு என்று பெயர். காற்று எதிரே வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நேராப் போக முடியாது. கொஞ்சம் வலமா, கொஞ்சம் இடமா வளைச்சு வளைச்சுப் போகணும். நேரம் ஆகும். ஆனா போய்ச் சேரலாம்" என்றார். கணக்குப் பாடத்தில் எனக்கு இந்த அறிவுரை மிகவும் பயன்படும் என்று நினைத்துக்கொண்டேன்.

பொழுது புலர்ந்தது. தெற்கே பச்சைக் கோடு போட்டாற்போல ஒரு தீவு தெரிந்தது. அதுதான் குருசடைத் தீவு. பெயரைக் கேட்டதும் எனக்கு நம் ஊர்க் குருசடிகள் நினைவுக்கு வந்தன. சின்னஞ்சிறு தீவுதான் என்றாலும் உலகெங்கும் உள்ள உயிரியல் அறிஞர்களுக்கு அது தெரிந்த பெயர். அத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் வெளியிட்டிருக்கிறது. முதுகெலும்பு இல்லாத உயிர்களுக்கும் நம்மைப் போன்ற முதுகெலும்பு உள்ள உயிர்களுக்கும் நடுவே பாலம் போல் விளங்கும் பலனோகிளாசஸ் என்ற புழு அங்கே மணலுக்குள் வாழ்கிறது.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தூரத்தில் இப்படி 21 தீவுகள் மாலையாகக் கோத்தாற்போல இருக்கின்றன. மண்டபம் பக்கம் 7, கீழக்கரைப் பக்கம் 7, வேம்பார்ப் பக்கம் 3, தூத்துக்குடிப் பக்கம் 4. அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 3,600-க்கும் மேற்பட்ட வகைத் தாவரங்களும் விலங்குகளும் இங்கு உண்டு. பவளத்தில் மட்டும் 117 வகைகளைக் கண்டறிந்திருக்கிறார்கள். வனத்துறையின் அனுமதி இல்லாமல் தீவுகளில் இறங்கக் கூடாது. ஆகவே நாங்கள் எல்லையைத் தாண்டாமல் தள்ளி நின்றே பார்த்துக்கொண்டு மேற்கே சென்றோம். புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முயல் தீவு என்று தாத்தா ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார், உறவினர்களை அறிமுகப்படுத்துவது போல.

வடக்கே கரையில் வேதாளை தெரிந்தது. இயேசு சபையின் முதல் மறைசாட்சியான அருட்தந்தை அந்தோனியோ கிரிமினாலி 1549-ஆம் ஆண்டு உயிர் நீத்த இடம் அது. தாத்தா துண்டை இறக்கி வணங்கினார். புனித சவேரியாரும் 1542-இல் இந்த முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து ஊர் ஊராகச் சென்றவர்தானே! அவரும் இதே காற்றில், இதே போன்ற பாயின் நிழலில்தான் பயணம் செய்திருப்பார் என்று எண்ணியபோது உடல் சிலிர்த்தது.

திரும்பும் வழியில், பூங்கா எல்லைக்கு வெளியே எங்கள் ஊர்க் கரைக்கு அருகில் உள்ள ஒரு பாரின் மேல் தாத்தா பாயை இறக்கினார். கடலடியில் இருக்கும் கல் மேட்டைத்தான் அவர்கள் 'பார்' என்கிறார்கள். பிறகு அடியில் கண்ணாடி பதித்த ஒரு தகர டின்னை என்னிடம் கொடுத்தார். அதைத் தண்ணீரில் அமிழ்த்தி மேலிருந்து பார்க்க வேண்டும். அலையின் நெளிவு மறைந்து கடலின் தரை தெளிவாகத் தெரியும்.

தோழியரே! நான் கண்டதை எப்படி எழுதுவேன்! மான் கொம்பு போலக் கிளைத்த பவளம். மனித மூளை போல நெளிவு நெளிவான பவளம். மேசைத் தட்டுப் போல விரிந்த பவளம். அவற்றினிடையே மஞ்சளும் கறுப்புமாக வண்ணத்துப்பூச்சி மீன்கள். கறுப்பு ஊசிகளை நீட்டிக்கொண்டு கடல் முள்ளெலிகள். பச்சையும் நீலமுமாக ஒரு கிளி மீன் தன் அலகால் கல்லைக் கொறித்துக்கொண்டிருந்தது. 'கரக், கரக்' என்ற சத்தம் டின்னின் வழியே கேட்டது. கிளி மீன் பவளக் கல்லைக் கொறித்து, அதில் ஒட்டியுள்ள பாசியைத் தின்று, கல்லை மாவாக அரைத்து மணலாக வெளியே விடுகிறது. நாம் தீவு என்று சொல்லும் அந்த வெள்ளை மணல் மேட்டில் ஒரு பங்கு மீனின் வயிற்றில் அரைபட்ட மணல்! மீதி, அலைகள் உடைத்துக் குவித்த பவளத் துண்டுகளும் சிப்பி ஓடுகளும். மலைக்கோட்டைப் பாறை பூமியின் ஆழத்தில் வெப்பத்தால் உருவானது. இந்தத் தீவுகளோ உயிர்களால் உருவானவை.

பவளம் என்பது ஒரு கடல் விலங்கு. சில மில்லிமீட்டரே உள்ள மிகச் சிறிய உடல், மேலே ஒரு வாய், சுற்றிலும் விரல்கள். கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தனக்கென ஒரு கிண்ணம் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்திருக்கும். தாத்தா வீட்டுச் சுவரில் நான் கண்ட நட்சத்திரப் பூக்கள் அந்தக் கிண்ணங்கள்தாம். அதன் உடலுக்குள் நுண்ணிய பாசி ஒன்று குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு சமைத்துக் கொடுக்கிறது. வீட்டுக்காரருக்குக் குடித்தனக்காரர் சோறு போடுவது போல! தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகிறது. சூடு தணியாவிட்டால் பட்டினியால் இறந்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இப்படிப் பெருமளவில் வெளுப்பு ஏற்பட்டது. உருண்டைப் பவளம் ஓர் ஆண்டில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. என் உயரத்துக்கு ஒரு பவளம் வளர வேண்டுமானால் என் பாட்டியின் பாட்டி காலத்தில் தொடங்கியிருக்க வேண்டும்.

டின்னை இன்னும் சற்று நகர்த்தினேன். அங்கே ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறத்தில் உடைந்த கல் துண்டுகள், இடிந்த வீடு போல. மீனும் இல்லை. "இங்கே ஏன் தாத்தா ஒன்றும் இல்லை?" என்றேன். அதற்கும் அவர் பதில் சொல்லவில்லை.

அப்போது சற்றுத் தொலைவில் சில பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கி மூழ்கி எழுந்தார்கள். விரல்களில் துணி சுற்றியிருந்தார்கள். கல்லில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து முதுகில் தொங்கும் பையில் சேர்த்தார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் பயன்படும் அகார் அந்தப் பாசியிலிருந்து எடுப்பதுதான். இந்த வேலை செய்யும் பெண்கள் தாங்களே கூடிப் பேசி, பாசி மறுபடி வளர்வதற்காகப் பறிக்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி அவர்கள் 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசைப் பெற்றார்கள். வயிற்றுப் பாட்டுக்காகக் கடலில் இறங்குகிறவர்களே கடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள் என்றால், நாம் எவ்வளவு நினைக்க வேண்டும்!

இவ்வளவையும் கண்ட பிறகும் என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். "தாத்தா, கண்காட்சிக்கு எனக்கு ஒரே ஒரு பவளம் எடுத்துக் கொடுங்கள். வகுப்பில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்" என்று கெஞ்சினேன்.

தாத்தா வெகு நேரம் பாய்க்கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"ராத்திரி வீட்டுச் சுவத்துல என்ன கல்லுன்னு கேட்டியே. இங்க எடுத்த கல்லுதான் தாயி. நான்தான் எடுத்தேன். எனக்கு அப்ப இருபது வயசு. மீன் படாத நாள்ல கல்லு எடுக்கப் போவோம். கடப்பாரையால நெம்பி நெம்பி வள்ளம் வள்ளமா ஏத்துவோம். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும். வீடு கட்டப் போகும். நீ இப்பப் பாத்தியே வெறுங்கல்லு, அது நாங்க நெம்புன இடந்தான். அம்பது வருசமாகியும் முளைக்கல. அது உசிருள்ளதுன்னு யாரும் எங்களுக்குச் சொல்லல. ஆனா கரைக்குக் கொண்டுவந்து போட்டா ரெண்டு நாள்ல நாறும். கல்லு எங்கயாவது நாறுமா? அப்பவாச்சும் எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

என் தாத்தா தலைகுனிந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் ஒருவர் மட்டுமா எடுத்தார்? அந்நாளில் கரையெங்கும் பலர் எடுத்தார்கள். அது குற்றம் என்று யாரும் எண்ணவில்லை. தீவுகளைச் சுற்றிக் காவலாக நின்ற பவளம் பல ஆண்டுகளாக வெட்டி எடுக்கப்பட்டதால் அலைகள் நேரே வந்து மோதின. மணல் கரைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. 21 தீவுகள் என்று இன்றும் புத்தகத்தில் எண்ணுகிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரிபவை 19-தான்.

"செத்துக் கரையில ஒதுங்குன கல்லையாவது எடுத்துக்கலாமே தாத்தா?" என்று கேட்டேன்.

"அதுவும் கூடாது தாயி. அதுக்கும் சட்டம் இருக்கு. சட்டம் கிடக்கட்டும், செத்த கல்லும் அலையைத் தடுக்கும். ஒடைஞ்சா மணலாகும். மணல் இருந்தாத்தானே கரை இருக்கும்?" என்றார்.

இப்போது வெட்கக்கேட்டைச் சொல்லும் இடம் வந்துவிட்டது. நான் அந்தக் கேள்வியைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. முதல் நாள் மாலையில் கரையில் விளையாடும்போது உள்ளங்கை அளவுள்ள ஒரு பவளத் துண்டை எடுத்து, அம்மாவுக்குக்கூடத் தெரியாமல், என் பையில் பாவாடைக்குள் சுற்றி ஒளித்து வைத்திருந்தேன்.

மாலையில் சோழகக் காற்றில் கரை திரும்பினோம். பாய் விம்மிப் பறந்தது. ஆனால் எனக்கு எதுவும் இனிக்கவில்லை. இரவில் செபமாலை சொல்லும்போது மணிகள் விரலில் நகரவில்லை. ஒரு பக்கம் கண்காட்சி. தோழியர் முன்னால் நான் விட்ட சவால். இன்னொரு பக்கம் தாத்தாவின் குனிந்த தலை. ஒரு சிறு துண்டுதானே என்று மனம் சமாதானம் சொன்னது. தாத்தாவும் அன்று 'ஒரு வள்ளம்தானே' என்று நினைத்திருப்பார் அல்லவா? அவருக்குத் தெரியாது, தெரியாமல் செய்தார். நான் தெரிந்தே செய்கிறேன். அப்படியானால் யாருடைய குற்றம் பெரியது?

விடிந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் போனேன். அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். நீட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வா, போட்டுட்டு வருவோம்" என்று மட்டும் சொன்னார். இருவரும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து சென்றோம். நான்தான் அதைக் கடலுக்குள் வைத்தேன். எறியவில்லை, குனிந்து வைத்தேன். தாத்தா தமது ஈரக்கையை என் தலைமேல் வைத்தார். அவ்வளவுதான். ஆனால் பாவசங்கீர்த்தனம் முடித்து வெளியே வந்தாற்போல நெஞ்சு இலேசாகிவிட்டது.

பள்ளி திறந்ததும் அறிவியல் ஆசிரியையிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். "அன்றைக்கே உன்னிடம், 'கொண்டு வராதே' என்று சொல்ல நினைத்தேன். மணி அடித்துவிட்டது" என்றார்கள். பிறகு அவர்கள் சொன்ன செய்தி என்னைத் திகைக்க வைத்தது.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் திருச்சிக்கு வடகிழக்கே கடல் இருந்ததாம்! கல்லக்குடி, காரை, அரியலூர் வட்டாரங்களில் அந்தக் கடலின் சிப்பிகளும், சுருள் சுருளான அம்மோனைட் ஓடுகளும் இன்றும் கல்லாகக் கிடக்கின்றன. சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டிலேயே ஸ்டோலிச்கா போன்ற அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். உலகப் புவியியல் நூல்களில் அப்பாறை அடுக்குகளில் ஒன்றுக்குத் 'திருச்சினாப்பள்ளி' என்றே பெயர். லால்குடிக்கு அப்பால் உள்ள கல்லக்குடியில் சிமெண்ட் ஆலைக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக் கல்லில், அந்தப் பழங்கடலின் பவளங்களும் பாசிகளும் சேர்ந்து கட்டிய பார் இருக்கிறது!

அன்று மாலை வீட்டுக்குப் போய் எங்கள் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சிமெண்ட் பூசிய சாதாரணச் சுவர். தாத்தா வீட்டைப் போல என் வீடும் கடல் கொடுத்த சுண்ணாம்பில்தான் நிற்கிறது! ஆறாம் வகுப்பில் ஆசிரியை கேட்ட கேள்விக்கு நான்கு ஆண்டுகள் கழித்து விடை கிடைத்தது.

தாத்தாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிரித்தார். "நீங்க செத்துப்போன பாரை எடுக்கிறீங்க. நாங்க உசிரோட எடுத்தோம். அதுதான் தாயி வித்தியாசம்" என்றார். நான் அவருக்கு இன்னொரு செய்தியும் சொன்னேன். தூத்துக்குடிக்கு அருகில் உள்ள வான் தீவு கரைந்துகொண்டே வந்தது. அதைக் காப்பதற்காக 2015-ஆம் ஆண்டு முதல் சிமெண்டால் ஆன செயற்கைப் பார்களைக் கடலடியில் இறக்கினார்கள். அவை அலையைத் தடுக்கின்றன. அவற்றின் மேல் குட்டிப் பவளங்கள் ஒட்டி வளர்கின்றன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், பவளக் கிளைகளைச் சிமெண்ட் பலகைகளில் கட்டி நட்டுப் பயிர் போல வளர்த்தும் வருகிறார்கள். எந்தக் காலத்திலோ பவளமாக இருந்து சிமெண்டாக மாறியது, மறுபடியும் பவளத்துக்கு வீடாகிறது! மறுமுனையில் தாத்தா சிறிது நேரம் பேசவில்லை. "நெசமாவா? முளைக்குதா?" என்று கேட்டார். "முளைக்கிறது தாத்தா" என்றேன். "அப்ப நம்ம பாரும் முளைக்கும்" என்றார். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன்.

கண்காட்சியில் என் மேசையில் பவளம் இல்லை. ஒரு பெரிய படம் வரைந்து வைத்தேன். ஒரு கிண்ணத்தில் ஒரு பிடி சிமெண்ட் வைத்தேன். தாத்தா கொடுத்தனுப்பிய, அடியில் கண்ணாடி பதித்த தகர டின்னையும் வைத்தேன். "பவளம் எங்கே?" என்று எல்லோரும் கேட்டார்கள். "கடலில் இருக்கிறது" என்று சொன்னேன். எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. எரிமலை மாதிரிக்குத்தான் கிடைத்தது. ஆனால் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி டின்னை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அதன் வழியே என் படத்தை வெகு நேரம் பார்த்தாள். "அக்கா, இது எல்லாம் உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டாள்.

தோழியரே! படைப்பை ஆளும்படி இறைவன் மனிதனிடம் ஒப்படைத்தார் என்று மறைக்கல்வியில் படிக்கிறோம். ஆளுவது என்றால் எடுத்துக்கொள்வது என்று நாம் பொருள் கொண்டுவிட்டோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடல் இந்த உலகத்தை நம் பொதுவான இல்லம் என்கிறது. இல்லத்தின் சுவரை இடித்து எவரேனும் விளையாட்டுப் பொருள் செய்வார்களா?

மன்னார்புரத்துச் சாலையில் நாம் விடும் புகையும் கடலைச் சூடாக்குவதில் ஒரு துளி பங்கு வகிக்கிறது. கடல் நமக்குத் தூரம் என்று இனி நான் சொல்ல மாட்டேன். விடுமுறையில் கடற்கரைக்குப் போகும்போது சங்கும் சிப்பியும் பவளமும் விற்கும் கடைகளைக் காண்பீர்கள். கை நீளும். அப்போது என் தாத்தாவின் வீட்டுச் சுவரில் உள்ள பூக்களை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

– பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு